கூடம் கோணலா, ஆட்டக்காரர் கோணலா: சிகாகோ பேர்ஸ், ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், ஒரு முடிவின் கணக்கு

2023 டிசம்பர் 31. சிகாகோவில் நண்பகல், நமக்கு இரவு பதினொன்றரை. தெருவில் பையன்கள் புத்தாண்டு வெடிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். நான் லேப்டாப்பில் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்லான்டா ஃபால்கன்ஸை சிகாகோ பேர்ஸ் 37-17 என்று அடித்துத் துவைத்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் அது. பந்தை வீசும் குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் 268 யார்டு வீசினார், தானே ஓடியும் ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் கொண்டுசேர்ப்பது) போட்டார். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் குளிரில் விறைத்த ஜனம் மொத்தமும் ஒரே குரலில் கத்தியது: எங்களுக்கு ஃபீல்ட்ஸ்தான் வேண்டும்.

அதே நாளில் ஜாக்சன்வில்லில் கரோலைனா பாந்தர்ஸ் அணி 26-0 என்று உதை வாங்கியது. அரிசோனா அணியும் அன்று ஜெயித்துவைக்க, அடுத்த டிராஃப்டின் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது, மோசமாக ஆடிய அணிக்கு முன்னுரிமை) முதல் தேர்வு உறுதியாக சிகாகோவின் கைக்கு வந்துவிட்டது. கரோலைனா தோற்றால் சிகாகோவுக்கு ஏன் லாபம் என்பது தனிக்கதை, பின்னால் வருகிறது. ஆக, ரசிகர்கள் தங்கள் பையனுக்காகத் தொண்டை வறளக் கத்திய அதே நாளில்தான் அவருக்கு மாற்று ஆள் எடுக்கும் சீட்டும் வந்து சேர்ந்தது. பதினொரு வாரம் கழித்து ஃபீல்ட்ஸை பிட்ஸ்பர்குக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஆறாம் சுற்றுத் தேர்வு.

இது சரியா, தவறா என்பதை நான் இரண்டு ஆண்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபீல்ட்ஸை 2023இல் வைத்துக்கொண்டதும் சரி, 2024இல் அனுப்பியதும் சரி. தவறு வேறொரு நாற்காலியில் நடந்தது.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு பந்தும் முதலில் குவார்ட்டர்பேக் கைக்குத்தான் வரும். இரண்டரை, மூன்று விநாடிக்குள் எதிரணியின் அமைப்பைப் படித்து, ஓடுகிற ஐந்து பேரில் யாருக்கு எறிவது என்று முடிவு செய்ய வேண்டும். தாமதித்தால் நூற்றிருபது, நூற்றிமுப்பது கிலோ ஆசாமிகள் மேலே விழுந்து அமுக்குவார்கள். அதற்கு ‘சாக்’ என்று பெயர். இன்னொன்று பணம். ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு, 2024இல் அது 25.54 கோடி டாலர். டிராஃப்டில் வரும் இளைஞருக்கு நான்கு ஆண்டு மலிவு ஒப்பந்தம். முதல் சுற்றுக்காரராக இருந்தால் ஐந்தாம் ஆண்டையும் நீட்டிக்கலாம், ஆனால் அந்த ஒரு ஆண்டின் விலை சட்டென்று எகிறும். நல்ல குவார்ட்டர்பேக் மலிவாக இருக்கும் அந்த நான்கு ஆண்டில்தான் மிச்சப் பணத்தை மற்ற இடங்களில் கொட்டி அணியைக் கட்ட முடியும். இந்தக் கடிகாரத்தை மறந்துவிட்டு ‘பையன் நல்லவனா, கெட்டவனா’ என்று மட்டும் பேசினால் பேச்சு எங்கும் போய்ச் சேராது.

வந்த விதம்

சிகாகோவுக்குக் குவார்ட்டர்பேக் ராசி கிடையாது. நூறாண்டு தாண்டிய கிளப், ஆனால் ஒரு சீசனில் 4,000 யார்டு வீசிய ஆள் ஒருவர்கூட அங்கே கிடையாது. 1995இல் எரிக் கிரேமர் வீசிய 3,838 யார்டுதான் முப்பது ஆண்டாக அவர்கள் சாதனையாக இருந்தது. 2017இல் இரண்டாம் இடத்துக்கு முன்னேறி மிச்சல் ட்ருபிஸ்கியை எடுத்தார்கள். பத்தாம் இடம்வரை காத்திருந்த பேட்ரிக் மஹோம்ஸ் கான்சஸ் சிட்டிக்குப் போனார். அந்தப் புண் ஆறுமுன்பே, 2021 டிராஃப்டில் இருபதாம் இடத்திலிருந்து பதினொன்றாம் இடத்துக்குத் தாவி, ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக நட்சத்திரம் ஃபீல்ட்ஸை எடுத்தார் பொது மேலாளர் ரயன் பேஸ். அதற்காக நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்தார்.

தலைமைப் பயிற்சியாளர் மாட் நேகிக்கு அந்த ஆண்டே நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. ஆண்டி டால்டன்தான் முதல் ஆள், ஃபீல்ட்ஸ் உட்கார்ந்து கற்றுக்கொள்வார் என்பது திட்டம். இரண்டாவது ஆட்டத்திலேயே டால்டனுக்கு அடிபட, மூன்றாவது ஆட்டத்தில் கிளீவ்லாந்தில் பையனை இறக்கிவிட்டார்கள். ஒன்பது சாக். அதில் நாலரை மைல்ஸ் காரெட் என்ற ஒரே ஆள் கணக்கில். இருபது வீச்சில் ஆறு சேர்ந்தது, 68 யார்டு. சாக்கில் இழந்ததைக் கழித்துவிட்டால் அணியின் மொத்த வீச்சு ஒரே ஒரு யார்டு. ஆம், ஒன்று. அன்று பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஓரத்தில் நிற்கும் தடுப்பாளருக்கு உதவிக்கு ஆள் வைக்கவில்லை, பையனைக் கூண்டுக்கு வெளியே நகர்த்தி ஆடவைக்கவும் இல்லை. மூத்த ஆளுக்குத் தைத்த சட்டையை அப்படியே இவருக்கு மாட்டி அனுப்பியதுபோல இருந்தது. 2022 ஜனவரியில் பேஸும் நேகியும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

புதிய பொது மேலாளர் ரயன் போல்ஸ், புதிய பயிற்சியாளர் மாட் எபர்ஃப்லூஸ், தாக்குதல் பிரிவுக்கு லூக் கெட்சி. எபர்ஃப்லூஸ் தற்காப்பு ஆட்டத்தில் ஊறியவர். போல்ஸ் இருக்கும் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்று இறங்கினார். கலீல் மாக், ராபர்ட் க்வின், ரோக்வான் ஸ்மித் என்று தற்காப்பின் தூண்கள் ஒவ்வொன்றாகப் போயின. 2022 சீசன் 3-14, அதாவது மூன்று வெற்றி, பதினான்கு தோல்வி, அதுவும் கடைசிப் பத்து ஆட்டமும் தோல்வி.

அந்த இடிபாட்டுக்கு நடுவே ஃபீல்ட்ஸ் ஓடினார். மயாமிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 178 யார்டு ஓடியது, வழக்கமான சீசன் ஆட்டங்களில் எந்தக் குவார்ட்டர்பேக்கும் அதுவரை தொடாத எண். சீசன் மொத்தம் 1,143 யார்டு, லமார் ஜாக்சனின் 2019 சாதனைக்கு 63 குறைவு. பந்தைப் பிடிப்பவர்களில் அந்த ஆண்டு அதிகம் சேர்த்தவர் கோல் கெமெட், அவர் எண்ணிக்கை 544. வீசுகிறவர் தன் சிறந்த ரிசீவரைப் போல இரண்டு மடங்கு ஓடியிருக்கிறார் என்றால் அணியின் லட்சணத்தை விளக்க வேண்டியதில்லை. ரிசீவர் பஞ்சத்தைத் தீர்க்க நடு சீசனில் சேஸ் கிளேபூலை இரண்டாம் சுற்றுத் தேர்வு கொடுத்து வாங்கினார் போல்ஸ். அது என்ன ஆனது என்று சிகாகோக்காரர் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்.

அதே 2022இன் இன்னொரு எண் 55. அத்தனை சாக். எறிய முனைந்த ஒவ்வொரு ஏழு முறைக்கும் ஒருமுறை மண்ணில் விழுந்திருக்கிறார். இதில் எவ்வளவு தடுப்பாளர்கள் குற்றம், எவ்வளவு அவர் குற்றம்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இங்கே சிக்கல், கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தது. அதனாலேயே ஆட்டக்காரரை எடைபோட முடியவில்லை.

முதல் முடிவு: வைத்துக்கொள்

2023 ஜனவரி 8. சீசனின் கடைசி நாள். ஹூஸ்டன் டெக்சன்ஸ் தோற்றால் முதல் தேர்வு அவர்களுக்கு. ஆனால் கடைசி நிமிடத்தில் ஒரு டச்டவுன், அதன்மேல் இரண்டு புள்ளிக்கும் துணிந்து போய், இண்டியானாபொலிஸை 32-31 என்று ஜெயித்துவிட்டார்கள். முதல் தேர்வு சிகாகோவுக்கு வந்தது. ஹூஸ்டனின் பயிற்சியாளர் யார் தெரியுமா? லவி ஸ்மித். ஒன்பது சீசன் சிகாகோவுக்குப் பயிற்சியாளராக இருந்து, கிளப் கழற்றிவிட்ட அதே மனிதர். அன்றிரவே அவர் வேலை போனது. பழைய வீட்டுக்கு இவ்வளவு பெரிய சீர் செய்தவர் வேறு யாரும் இல்லை.

போல்ஸ் முன் இரண்டு வழி. அந்தத் தேர்வில் பிரைஸ் யங்கையோ சி.ஜே. ஸ்ட்ரவுடையோ எடுத்து ஃபீல்ட்ஸை அனுப்பலாம். அல்லது தேர்வை விற்று ஃபீல்ட்ஸுக்குச் சாமான் வாங்கலாம். போல்ஸ் விற்றார். கரோலைனா கொடுத்தது: ஒன்பதாம் தேர்வு, 61ஆம் தேர்வு, 2024இன் முதல் சுற்று, 2025இன் இரண்டாம் சுற்று, கூடவே நிரூபித்த ரிசீவர் டி.ஜே. மூர்.

ஸ்ட்ரவுட் இரண்டாவதாக ஹூஸ்டனுக்குப் போய், முதல் ஆண்டிலேயே 4,108 யார்டு வீசி, தாக்குதல் பிரிவின் சிறந்த புதுமுகம் ஆனபோது போல்ஸைத் திட்டாத ஆளில்லை. எனக்கு அந்தத் திட்டு நியாயமாகப் படவில்லை. 2023 மார்ச்சில் ஃபீல்ட்ஸுக்கு இரண்டு மலிவு ஆண்டு பாக்கி இருந்தது. உருப்படியான ரிசீவர் வைத்து அவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்ப்பதற்கான செலவு ஏறக்குறைய சுழியம், பார்க்கும் காலத்துக்கு கரோலைனா வேறு வாடகை கொடுக்கிறது. வாங்கிய அணி தடுமாறினால் அடுத்த ஆண்டும் நல்ல தேர்வு இருக்கும். கரோலைனா தடுமாறவில்லை, 2-15 என்று குப்புற விழுந்தது. அதனால்தான் ஜாக்சன்வில்லில் விழுந்த அடி சிகாகோவில் பணமானது.

டென்வர் ஆட்டம்

இந்த வழக்கு முழுவதையும் ஒரே பிற்பகலில் பார்க்க வேண்டும் என்றால் 2023 அக்டோபர் 1, டென்வருக்கு எதிரான ஆட்டத்தைப் பாருங்கள். பத்து நாள் முன்புதான் ஃபீல்ட்ஸ் நிருபர்களிடம், தான் எந்திரம்போல ஆடுகிறேன், தலையில் தகவல் அதிகமாக ஏற்றப்படுகிறது என்ற பொருளில் பேசி, பயிற்சியும் காரணமாக இருக்கலாம் என்று வாய்விட்டு, பிறகு அதைச் சமாளிக்கவும் வேண்டியிருந்தது.

டென்வர் ஆட்டத்தில் எறிந்த முதல் பதினாறும் கச்சிதமாகப் போய்ச் சேர்ந்தன. மூன்றாம் கால்பகுதியில் 28-7 முன்னிலை. 335 யார்டு, நான்கு டச்டவுன். இவர்தான் நம் ஆள் என்று நானே நண்பனுக்குச் செய்தி அனுப்பினேன். பிறகு டென்வர் ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. 28-21. ஃபீல்ட்ஸ் பின்வாங்கினார், பந்தைப் பிடித்துக்கொண்டே நின்றார், இன்னும் நின்றார். பின்னாலிருந்து ஒரு கை வந்து தட்ட, பந்து புல்லில் உருண்டது. ஜோனதன் கூப்பர் அதை அள்ளிக்கொண்டு 35 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். 28-28.

அந்தப் பந்து அவர் கணக்கு. அதில் வாதமே இல்லை. ஆனால் ஆட்டம் அதோடு முடியவில்லை. மூன்று நிமிடம் மிச்சமிருக்க சிகாகோ டென்வரின் 18ஆம் யார்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நான்காவது முயற்சி, ஒரு யார்டு தேவை. எளிதான உதையில் மூன்று புள்ளி எடுத்து முன்னிலைக்குப் போகலாம். எபர்ஃப்லூஸ் ஒரு யார்டுக்கு ஓடச் சொன்னார், முட்டி நின்றுவிட்டது. டென்வர் திரும்ப வந்து உதைத்து 31-28. கடைசி வாய்ப்பில் ஃபீல்ட்ஸின் வீச்சை எதிரணி பறித்தது. பந்தைக் கோட்டைவிட்டது ஆட்டக்காரர், மூன்று புள்ளியைக் கோட்டைவிட்டது பயிற்சியாளர். இருவருக்கும் பாதிப் பாதி என்று எழுதிவிட்டுப் போகலாம், ஆனால் பாதியை வைத்து யாரும் தீர்ப்பு எழுத முடியாது.

நான்கு நாள் கழித்து வாஷிங்டனை 40-20 என்று நொறுக்கினார்கள், மூருக்கு மட்டும் 230 யார்டு. அடுத்த ஆட்டத்தில் ஃபீல்ட்ஸின் கட்டைவிரல் மூட்டு விலகியது. திரும்பி வந்த முதல் ஆட்டத்தில் டெட்ராய்டிடம் நாலு நிமிடம் இருக்க 26-14 முன்னிலை, தோல்வி 31-26. டிசம்பரில் கிளீவ்லாந்தில் 17-7 முன்னிலை, தோல்வி 20-17. அங்கே கடைசி விநாடியில் வானத்துக்கு எறிந்த பந்து, கோட்டுக்குள் மல்லாந்து கிடந்த டார்னெல் மூனியின் மடியிலேயே விழுந்தது. ஜெயித்துவிட்டோம் என்று எழுந்தேன். பந்து துள்ளி எதிரணி ஆள் கைக்குப் போனது.

இரண்டாம் முடிவு: மாற்று

மூன்று ஆண்டுக் கணக்கைக் கூட்டுவோம். 958 வீச்சு, 6,674 யார்டு, 40 டச்டவுன், 30 பறிகொடுத்த பந்து, 135 சாக். தொடங்கிய 38 ஆட்டத்தில் பத்து வெற்றி. கிரீன் பே பாக்கர்ஸை ஆறு முறை எதிர்த்து ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. வெற்றி தோல்வியை நான் அதிகம் பொருட்படுத்த மாட்டேன், அது அணியின் கணக்கு. என்னை அசைத்தது சாக் விகிதம். 2022இல் கிட்டத்தட்ட 15 சதம் இருந்தது, 2023இல் மூரும் வந்து தடுப்புச் சுவரும் ஓரளவு தேறிய பிறகும் பத்துக்குக் கீழே வரவில்லை. கூடத்தைக் கொஞ்சம் நிமிர்த்தினார்கள், ஆட்டமும் கொஞ்சம் நிமிர்ந்தது. கோணல் மிச்சமிருந்தது. விநாடியை எண்ணாமல் நிற்கும் பழக்கம் அவருடையது.

என்றாலும் கையில் முதல் தேர்வு இல்லாமல் பதினைந்தாம் தேர்வு இருந்திருந்தால் இன்னொரு ஆண்டு வைத்திருப்பேன். முடிவைத் திருப்பியது காலண்டர். 2024 மே தொடக்கத்துக்குள் ஐந்தாம் ஆண்டு நீட்டிப்பைச் சொல்லியாக வேண்டும். விலை 2.5 கோடி டாலருக்கு மேல், அதுவும் ஒரே ஆண்டுக்கு. மறுபக்கம், அந்த முதல் தேர்வில் எடுக்கவிருந்த குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸின் நான்கு ஆண்டுக்கும் சேர்த்தே சுமார் 3.95 கோடி. ஃபீல்ட்ஸை வைத்து அவர் நன்றாக ஆடினால் அடுத்து பெரிய ஒப்பந்தம் பேச வேண்டும், ஆடாவிட்டால் ஆளும் இல்லை, முதல் தேர்வும் இல்லை. 2023இல் இலவசமாகக் கிடைத்த ‘பொறுத்துப் பார்ப்போம்’ ஒரே ஆண்டில் அந்த ஊரின் விலையுயர்ந்த சரக்காகிவிட்டது.

பொறுத்துப் பார்த்ததன் பில் எப்படி வரும் என்பதற்கு ஜயன்ட்ஸ் கண்முன்னே இருந்தார்கள். டேனியல் ஜோன்ஸின் ஐந்தாம் ஆண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டு, ஒரு நல்ல சீசனைப் பார்த்து மனம் மாறி, 2023 மார்ச்சில் நான்கு ஆண்டுக்கு 16 கோடி டாலர் எழுதிக் கொடுத்தார்கள். 2024 நவம்பரில் அவரை விடுவித்தார்கள்.

ஆறாம் சுற்றுத் தேர்வுக்குக் கொடுத்தது மட்டும் எனக்கு இன்றும் உறுத்தல். முதல் தேர்வு கையில் இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்த பிறகு எந்த அணியும் விலை ஏற்றிக் கேட்காது. அட்லான்டா கர்க் கசின்ஸையும், லாஸ் வேகஸ் கார்ட்னர் மின்ஷூவையும் பிடித்தபிறகு கதவுகள் மூடிவிட்டன. கடைசியில் பிட்ஸ்பர்க், அங்கேயும் ரசல் வில்சனுக்கு அடுத்த இடம். பாதிக்கு மேல் ஆடினால் அது நான்காம் சுற்றாக உயரும் என்று நிபந்தனை. ஃபீல்ட்ஸ் ஆறு ஆட்டம் தொடங்கி நாலு ஜெயித்தும் வில்சன் குணமானதும் பெஞ்சுக்குப் போனார். நிபந்தனை நிறைவேறவில்லை.

தவறு நடந்த நாற்காலி

2024 ஜனவரியில் போல்ஸ் கெட்சியை நீக்கினார், எபர்ஃப்லூஸை வைத்துக்கொண்டார். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2017இல் ட்ருபிஸ்கியை எடுத்தபோது பயிற்சியாளர் ஜான் ஃபாக்ஸ், சீசன் முடிந்ததும் போனார். 2021இல் ஃபீல்ட்ஸ், பயிற்சியாளர் நேகி, சீசன் முடிந்ததும் போனார். இப்போது கேலப், பயிற்சியாளர் எபர்ஃப்லூஸ். புது மருமகளை ஒவ்வொரு முறையும் காலிசெய்யப்போகிற வாடகை வீட்டில் குடிவைத்தால் சமையலறையின் அடுப்பு எது என்று தெரிவதற்குள் சாமான் கட்ட வேண்டியதுதான்.

எபர்ஃப்லூஸுக்கு இந்த முறை சீசன் முடியும்வரைகூட நேரம் இல்லை. புதிதாக வந்த தாக்குதல் பயிற்சியாளர் ஷேன் வால்ட்ரன் நவம்பர் நடுவிலேயே போனார். நன்றி நாளில் டெட்ராய்டில் 23-20 என்று பின்தங்கியிருக்க, 32 விநாடி மிச்சமிருக்க கேலப் சாக் ஆனார். கையில் ஒரு டைம்-அவுட் இருந்தது. எபர்ஃப்லூஸ் கேட்கவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது, வீரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள், அவசரமாக ஒரு பந்து, முடிந்தது. மறுநாளே அவரை நீக்கினார்கள். சீசன் நடுவே தலைமைப் பயிற்சியாளரை அந்தக் கிளப் நீக்கியது அதன் வரலாற்றிலேயே முதல்முறை.

அந்த 2024இல் கேலப் வாங்கிய சாக் 68. மறுபடி படியுங்கள், 68. ஃபீல்ட்ஸ் தன் மோசமான ஆண்டிலும் வாங்காத எண். அணி 5-12. கூடம் கோணல் என்று ஃபீல்ட்ஸ் சொன்னது பொய்யில்லை என்று அன்று நிரூபணமானது. இதைக் காட்டித்தான் ஃபீல்ட்ஸ் ரசிகர்கள் அந்த ஆண்டு முழுக்க வாதாடினார்கள்.

2025 ஜனவரியில் டெட்ராய்டின் தாக்குதல் மூளையான பென் ஜான்சனைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்துவந்தார்கள். ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன் என்று தடுப்புச் சுவரின் நடுப்பகுதி முழுவதும் புதிது. அதே கேலப் அடுத்த சீசனில் முந்தைய ஆண்டின் பாதிகூட சாக் வாங்கவில்லை. சிகாகோ 11-6 என்று தன் கோட்டத்தை (லீகில் தான் ஆடும் பிரிவை) ஜெயித்தது. அதே ஆண்டு ஃபீல்ட்ஸ், இரண்டு ஆண்டுக்கு 4 கோடி டாலர் ஒப்பந்தத்தில் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போய், நவம்பரில் பெஞ்சில் உட்கார்ந்தார். ஜெட்ஸின் கூடமும் நிமிர்ந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மூன்றாவது ஊரிலும் பந்து அவர் கையில் அதே நேரம்தான் தங்கியது.

இங்கே எதிர்வாதம் ஒன்றை மறைக்கக்கூடாது. அவசரப்பட்டுக் கைவிடப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2018இல் மூன்றாவதாக எடுத்த சாம் டார்னல்டை ஜெட்ஸ் மூன்றே ஆண்டில் தள்ளிவிட்டது. அவர் நாலு ஊர் சுற்றி 2024இல் மினசோட்டாவுக்கு 14 வெற்றி கொடுத்தார். சிகாகோவிடம் முதல் தேர்வை வாங்கிய கரோலைனாவும் பிரைஸ் யங்கை 2024இல் இரண்டே ஆட்டத்தில் உட்காரவைத்தது. அவர் இடத்தில் இறங்கியவர், வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டி டால்டன். டால்டன் கார் விபத்தில் கைவிரலில் காயப்பட, வேறு வழியில்லாமல் திரும்ப இறக்கப்பட்ட யங் தேறினார், 2025இல் கரோலைனாவும் கோட்டத்தை ஜெயித்தது. டார்னல்டைப் போல ஃபீல்ட்ஸும் முப்பதை நெருங்கும்போது ஓர் இடத்தில் பொருந்தலாம். நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதுவரை காத்திருக்கும் செலவு சிகாகோவின் செலவாக இருந்திருக்க வேண்டியதில்லை.

கரோலைனாவிடம் விற்ற அந்த ஒற்றைச் சீட்டிலிருந்து சிகாகோவுக்கு இறுதியில் வந்து சேர்ந்தவர்கள்: மூர், தடுப்பாளர் டார்னெல் ரைட், தற்காப்பில் டைரீக் ஸ்டீவன்சன், கேலப் வில்லியம்ஸ், 2025இல் ரிசீவர் லூதர் பர்டன். ஃபீல்ட்ஸை ஒரு ஆண்டு வைத்துப் பார்க்கலாம் என்று முடிவெடுத்ததால் வந்த வரவு இது.

2025 சீசனில் கேலப் 3,942 யார்டு வீசினார். கிரேமரின் முப்பது ஆண்டுச் சாதனை போய்விட்டது. நாலாயிரத்துக்கு இன்னும் 58 பாக்கி.